நலவாழ்வை அளப்பது எதனால்? : இலங்கை மலையகத் தமிழரும் மலேசியத் தோட்டவழித் தமிழரும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்திலிருந்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தோட்டத் தொழிலுக்காகச் சென்றோரின் வழித்தோன்றல்களாக இலங்கை மலையகத் தமிழரும் மலேசியத் தோட்டவழித் தமிழரும் விளங்குகின்றனர். இவ்விரு சமூகங்களின் சமூக, பொருளியல் நலத்தை வருவாய்ப் புள்ளிவிவரங்களைக் கொண்டு மட்டும் ஒப்பிடுவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதும், குடியிருக்கும் வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் உள்ள உரிமையே ஒப்பீட்டின் முதன்மை அளவுகோலாதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மலையகத் தமிழர், மலேசியத் தமிழர், தோட்டத் தொழிலாளர், குடியுரிமை, குடியிருப்புரிமை, நலவாழ்வு.

முன்னுரை

அயலகத் தமிழர் பற்றிய ஆய்வுகளில் இலங்கை மலையகத் தமிழரும் மலேசியத் தமிழரும் பெரும்பாலும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றனர். கங்காணி, கப்பல், லயம், கூலி, துயரம் என்னும் ஒரே வரிசையில் இரு வரலாறுகளும் அடுக்கப்படுகின்றன. இன்றைய நிலையைப் பேசும் இடத்திலோ இதற்கு நேர்மாறான போக்கு காணப்படுகிறது. மலேசியத் தமிழர் முன்னேறிவிட்டனர், மலையகத் தமிழர் பின்தங்கிவிட்டனர் என்னும் ஒற்றைவரித் தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகிறது. ஒற்றுமையைப் பேசும்போது மிகையும், வேற்றுமையைப் பேசும்போது எளிமைப்படுத்தலும் நேர்கின்றன.

இத்தீர்ப்பு வெறும் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. வீடமைப்புத் திட்டம், கல்வி உதவி, நிவாரணம் ஆகியவற்றை வகுப்போர் இத்தகைய ஒப்பீடுகளையே சான்றாகக் கொள்கின்றனர். அளவுகோல் பிழைபட்டால் உதவி சென்றடையும் இடமும் பிழைபடும். ஆதலின் எதைக் கொண்டு அளக்கிறோம் என்னும் வினா முதலில் எழுப்பப்படல் வேண்டும்.

பொது வேரும் பிரிந்த வழிகளும்

இலங்கை மலைநாட்டில் 1820களில் தொடங்கிய காப்பிப் பயிர்ச்செய்கை தமிழகத்துத் தொழிலாளரை ஈர்த்தது. 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிக்காலத்தில் பருவத்திற்கு வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்த தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு தங்கினர். மலாயாவில் கரும்பு, காப்பி ஆகியவற்றைத் தொடர்ந்து இரப்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. ஒப்பந்தக் கூலிமுறை அங்கு 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியான ஆள்திரட்டலை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது.

இரு நாடுகளிலும் தோட்டம் என்பது வேலைத்தலமாக மட்டும் அமையவில்லை. வீடு, பள்ளி, கோயில், மருந்தகம், கடை ஆகிய அனைத்தும் நிருவாகத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. வேலை இருக்கும்வரை வீடு என்பதே விதி. இவ்விதி பின்னாளில் இரு சமூகங்களின் நலவாழ்வையும் தீர்மானித்தது. அது செயற்பட்ட முறை இரு நாடுகளிலும் வேறுபட்டது.

குடியுரிமை: இழந்ததும் பெற்றதும்

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் இச்சான்று கிடைத்தற்கரியது. 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1946இல் இலங்கை மக்கள்தொகையில் 11.7 விழுக்காடாக இருந்த இச்சமூகம் 1981இல் 5.5 விழுக்காடாகக் குறைந்தது. நாடற்றோர் நிலை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால்தான் முடிவுக்கு வந்தது.

மலாயாவில் நிகழ்ந்தது வேறு. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாள் முதல் அம்மண்ணில் பிறந்தோர்க்குப் பிறப்புவழிக் குடியுரிமையை ஏற்றது. இந்தியர் கட்சி ஆளுங்கூட்டணியில் அங்கம் வகித்தது, வீ. தி. சம்பந்தன் போன்றோர் அமைச்சராயினர். இலங்கையிலோ 1949க்குப்பின், 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றிபெறும்வரை மலையக மக்கள் தம் சார்பாளரைத் தேர்தல்வழி நாடாளுமன்றத்திற்கு அனுப்ப இயலவில்லை. எனினும் மலேசியாவில் சட்டம் அளித்த உரிமை அனைவர் கையிலும் ஆவணமாக வந்து சேரவில்லை. பிறப்புச் சான்றில்லாத தோட்டக் குடும்பங்கள் பல, குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டையின்றிச் சிவப்பு அட்டையோடு பல்லாண்டு வாழ்ந்தன. 1969க்குப்பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் பலர் இந்தியா திரும்பினர்.

இவ்விடத்தில் ஒப்பீட்டை நிறுத்தினால் மலேசியத் தமிழரே நற்பேறு பெற்றவர் என்னும் முடிவு கிடைக்கும். குடியுரிமை பெற்றபின் என்ன நிகழ்ந்தது என்பதையும் காணல் வேண்டும்.

வருவாய்ப் புள்ளிவிவரங்கள்: காட்டுவனவும் மறைப்பனவும்

இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களம் வறுமையை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து வெளியிடுகிறது. 1990/91இல் நாட்டின் வறுமை விகிதம் 26.1, தோட்டத்துறையின் விகிதம் 20.5. அதாவது தோட்டத்துறை அன்று நாட்டுச் சராசரியைவிட மேலான நிலையில் இருந்தது. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் நிறுவனங்களிடம் கைமாறியது. 1995/96இல் நாட்டின் விகிதம் 28.8 ஆகவும் தோட்டத்துறையின் விகிதம் 38.4 ஆகவும் பதிவாயின. 2006/07இல் இவை முறையே 15.2, 32.0. 2016இல் 4.1, 8.8. கைமாற்றம் ஒன்றே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயின் காலப் பொருத்தம் கருதத்தக்கது.

இவ்வெண்களில் பெரிதும் பேசப்படுவது 32.0 என்பது 8.8 ஆகக் குறைந்த சாதனையாகும். 2006/07இலும் 2016இலும் தோட்டத்துறையின் வறுமை நாட்டுச் சராசரியைப்போல் இருமடங்கிற்குச் சற்று மேலாகவே நின்றது என்பதோ பேசப்படுவதில்லை. நாடு முழுதும் ஏறிய படியில் தோட்டமும் ஏறியது. இடைவெளி மட்டும் குறையவில்லை. திருத்தப்பட்ட வறுமைக்கோட்டின்படி 2019இல் நாட்டின் விகிதம் 14.3, தோட்டத்துறையின் விகிதம் 33.8 எனப் பதிவானது இதனை உறுதிசெய்கிறது. 2016ஆம் ஆண்டு மக்கட்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடையே வளர்ச்சிக்குறைவு நாட்டளவில் 17.3 விழுக்காடு எனவும், தோட்டத்துறையில் 31.7 விழுக்காடு எனவும் காட்டியது. பெற்றோரின் கூலி குழந்தையின் உயரத்தில் எழுதப்படுகிறது.

இப்புள்ளிவிவரங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10 பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரும் கொண்டதே அரசின் கணக்கில் தோட்டமாகும். லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பிலோ கண்டியிலோ பணியில் அமர்ந்து குடிபெயர்ந்த ஒருவர் அக்கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். முன்னேறியோர் வெளியேற, எஞ்சியோர் மட்டும் எண்ணப்படுகின்றனர். ஆதலின் தோட்டத்துறையின் வறுமையை மலையகத் தமிழர் அனைவரின் வறுமையாகக் கொள்ளுதல் கூடாது.

மலேசியாவில் இச்சிக்கல் தலைகீழாக அமைகிறது. அங்கு அலகு இடமன்று, இனம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பத்தின் சராசரி மாத வருவாய் மலாய்க்காரர்க்கு 172 வெள்ளியாகவும், இந்தியர்க்கு 304 வெள்ளியாகவும், சீனர்க்கு 394 வெள்ளியாகவும் இருந்தது. இவ்வெண்ணைக் கண்டோர்க்கு இந்தியர் இடைநிலையில் நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். ஆனால் ‘இந்தியர்’ என்னும் அச்சொல்லுக்குள் மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், அரசு அலுவலர், யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற எழுத்தர் குடும்பத்தார் ஆகியோரும், விடியுமுன் பால்மரம் சீவச் சென்றவரும் ஒருங்கே அடங்கினர். சராசரி அவ்விருவரையும் ஒன்றாக்கியது. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்திரர்க்கு 30, பிற மலேசியர்க்கு 40, அயல்நாட்டார்க்கு 30 விழுக்காடு என இலக்கு வகுத்தது. அப்போது இந்தியரின் பங்குடைமை ஏறத்தாழ ஒரு விழுக்காடே. அவர்க்கெனத் தனி இலக்கு வகுக்கப்படவில்லை. சராசரி வருவாயை நோக்கின் அவர்கள் வறியோர் அல்லர். உடைமையை நோக்கின் அவர்களிடம் ஏதுமில்லை.

ஆக, இலங்கைக் கணக்கு முன்னேறியோரை விலக்கி எண்ணுகிறது. மலேசியக் கணக்கு தோட்டத்தையே காணாதோரையும் சேர்த்து எண்ணுகிறது. ஒன்று சமூகத்தை உள்ளதினும் வறியதாகவும் மற்றொன்று உள்ளதினும் வளமாகவும் காட்டுகின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல், உழக்கால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிடுவதற்கு நிகராகும்.

கூலியை மட்டும் ஒப்பிடுவதாலும் இக்குறை தீராது. இலங்கையில் நீண்ட போராட்டத்திற்குப்பின் 2021இல் நாட்கூலி 1000 ரூபாவாக உயர்ந்தது. அன்று அது ஏறத்தாழ 5 அமெரிக்க டாலருக்கு இணை. மறு ஆண்டு நாணய வீழ்ச்சியில் அது 3 டாலருக்கும் கீழிறங்கியது. மலேசியாவில் 2013இல் தீபகற்பத்திற்கு 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 1700 வெள்ளியாயிற்று. ஆனால் இன்று மலேசியத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தோட்டக் கூலி உயர்ந்தமை தோட்டவழித் தமிழரின் நிலையைக் கூறுவதாகாது.

வீடும் நிலமும்

இரு சமூகங்களையும் ஒரே தட்டில் வைத்து நோக்கத்தக்க அளவுகோல் வீட்டுரிமையும் நிலவுரிமையுமாகும். தோட்டத்தில் தங்கியோர்க்கும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டோர்க்கும் ஒருசேரப் பொருந்தும் வினா அது: குடியிருக்கும் நிலம் யாருடையது?

இலங்கையில் தோட்ட நிலம் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாயிற்று. 1992க்குப்பின் அது நிறுவனங்களுக்குக் குத்தகையாக விடப்பட்டது. உடைமை அரசினதாயினும் நிருவாகத்தினதாயினும், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தொழிலாளிக்கு அதில் இடமில்லை. லயத்தில் வாழ்வோர் பலர்க்கு இன்றும் தனி முகவரி கிடையாது; கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாக வருகிறது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு காலந்தாழ்ந்து கிடைத்தால் ஓர் இளைஞரின் வாய்ப்பே பறிபோகும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குள் உள்ளூராட்சி நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். வாக்கு உண்டு, ஆனால் வாக்கினால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை தெருவிளக்கு இட இயலாது என்னும் நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவு லயங்களை அப்படியே மூடியது. சரியும் மலையென அறிந்தும் பெயர்ந்து செல்லச் சொந்த நிலமில்லாமை வறுமைக்கோட்டில் அளக்கப்படுவதில்லை.

மலேசியாவில் நிலமின்மை வேறு வடிவில் வெளிப்பட்டது. 1950களின் இறுதியில் அயல்நாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் நோக்குடன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டத்தமிழர் வரலாற்றில் நிலத்தை உடைமையாக்கும் முயற்சியாக அது தனித்துக் குறிக்கத்தக்கது. ஆயினும் மாற்றத்தின் வேகத்தை அது தடுக்க இயலவில்லை. இரப்பர் அகன்று செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் தோட்டங்கள் வீடமைப்பு நகரங்களாயின. வேலைநீக்க இழப்பீட்டிற்கான 1980ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிசெய்தோர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் என வகுத்தன. அக்கணக்கில் உழைப்பு எண்ணப்பட்டது. இழந்த வீடு, கோயில், பள்ளி, அண்டை அயல் எண்ணப்படவில்லை. வெளியேறியோர் நகரின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்ட பெருங்கூட்டத்தின் சினத்திற்குப் பின்னால் இவ்விடப்பெயர்வும் இருந்தது.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. குடியுரிமை இழந்த மலையகத் தமிழர் ஓரிடத்தில் செறிந்து வாழ்ந்தனர். நுவரெலியா மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. உரிமை மீண்டதும் அச்செறிவு அரசியல் வலிமையாயிற்று. குடியுரிமை பெற்ற மலேசியத் தமிழரோ தோட்டம் கலைந்ததும் நாடெங்கும் சிதறினர். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றேனும் அங்கில்லை. முன்னவர்க்கு இடமிருந்து உரிமை இல்லாதிருந்தது. பின்னவர்க்கு உரிமையிருந்து இடம் இல்லாதுபோயிற்று. இருவர்க்கும் பொதுவாக இல்லாதது வீட்டின் உறுதிப்பத்திரம்.

மொழியும் கல்வியும்

கல்வியிலும் ஏற்றத்தாழ்வு ஒருபக்கமாக அமையவில்லை. இலங்கைத் தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசுடைமையாயின. ஆசிரியர், அறிவியல் ஆய்வகம் ஆகியவற்றின் பற்றாக்குறை நீடிப்பினும், மலையக மாணவர் உயர்தரம் வரையிலும், துறை சார்ந்து பல்கலைக்கழகத்திலும் தமிழிலேயே பயில வழியுண்டு. மலேசியாவில் 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேலான எண்ணிக்கையில் உள்ளன. கட்டட வசதியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியரிலும் அவை மலையகப் பள்ளிகளினும் மேம்பட்டவை. ஆனால் அங்கு தமிழ்வழிக் கல்வி ஆறாண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் மலாய்வழிக்கு மாறும் மாணவர், வறுமையோடு மொழிமாற்றத்தின் சுமையையும் ஏற்கின்றனர். தோட்டம் மூடப்பட்ட பின்னும் பள்ளி மட்டும் மாணவரின்றி அங்கேயே நிற்பதும், குடும்பங்கள் குடியேறிய நகர்ப்புறத்தில் தமிழ்ப்பள்ளி இல்லாதிருப்பதும் நிலச்சிக்கலே கல்விச்சிக்கலாக உருமாறியதைக் காட்டுகின்றன.

இலக்கியச் சான்று

புள்ளிவிவரம் கேளாத வினாவை இலக்கியம் முன்பே கேட்டுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டார். கூலி குறைந்தவன் எனவோ நாடற்றவன் எனவோ அவர் பெயரிடவில்லை என்பது கருதத்தக்கது. மலேசியாவில் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’, மண்ணை உழுதும் மண்ணை உடைமையாகப் பெறாத உயிரின் பெயரைத் தோட்ட வாழ்வுக்குச் சூட்டுகிறது. இவற்றைத் துயர இலக்கியம் என வகைப்படுத்தி முடிப்பது போதாது. குடியிருப்பு, வெளியேற்றம், உறவின் சிதைவு ஆகியவற்றுக்கான சமூகவியல் சான்றுகளாகவும் இவை பயிலத்தக்கன.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வேறுபாடுகள் அனைத்திற்கும் இரு நாடுகளின் பொருளாதார வளர்ச்சி வேறுபாடே காரணம். நிலவுரிமையை முதன்மைப்படுத்தல் மிகை என ஒரு மறுப்பு எழலாம். மலேசியா இலங்கையினும் செல்வம் மிக்கது என்பதில் ஐயமில்லை. தனிமனித நுகர்வின் உயர்வுக்கு அது விடையாகலாம். ஆனால் வளர்ந்த நாட்டிலும் தோட்டவழிக் குடும்பம் ஏன் தலைமுறைச் சொத்தின்றி நகரில் புதிதாகத் தொடங்க நேர்ந்தது என்பதற்கு அது விடையாகாது. வறுமை குறைந்த ஆண்டுகளிலும் இலங்கைத் தோட்டத்துறையின் இடைவெளி ஏன் குறையவில்லை என்பதற்கும் அது விடையாகாது. நாட்டின் வளம் கூலியை உயர்த்தும்; அக்கூலி சேமிப்பாகி, ஈடாகி, மக்களின் கல்வியாகி நிலைபெற வீட்டுரிமை தேவை. நிலமுள்ள சிற்றுழவர் கடன் பெறலாம், கடை வைக்கலாம், முதுமையில் ஒதுங்க இடமுண்டு. லயத்தில் வாழ்பவர்க்கு இவை ஒன்றும் இல்லை.

இலங்கையில் இந்திய உதவியுடன் தோட்டப்பகுதிகளில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டமை இத்திசையில் ஒரு தொடக்கமாகும். வீட்டைக் கட்டித் தருவதோடு உறுதிப்பத்திரமும் உரியவர் பெயரில் வழங்கப்படுவதே இத்தகைய திட்டங்களின் பயனைத் தீர்மானிக்கும். மனைவியின் பெயரும் அதில் இடம்பெறல் வேண்டும். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. உடைமை மட்டும் ஆணுடையதாதல் முறையாகாது.

முடிவுரை

இரு சமூகங்களில் எது நலமாக வாழ்கிறது என்னும் வினாவுக்கு இன்று கையிலுள்ள எண்கள் நேர்மையான விடை தருவதில்லை. அவ்விடையைத் தேடும் ஆய்வு மூன்று மாற்றங்களை வேண்டி நிற்கிறது. முதலாவது, தோட்டத்துறை, இந்தியர் என்னும் அரசுப் பகுப்புகளை விடுத்து, தோட்டத்தில் பிறந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்குள்ளனர் எனக் குடும்ப வரலாற்று முறையில் தொடர்தல். இரண்டாவது, வருவாயோடு குடியிருப்புரிமையையும் கட்டாய அளவையாகச் சேர்த்தல். மூன்றாவது, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தொழிற்சங்க இதழ்கள், தோட்டக் கோயில் விழா மலர்கள், நாட்டார் பாடல்கள் ஆகிய தமிழ்ச் சான்றுகளைத் திரட்டல்.

இம்மூன்றாவது பணி தமிழ்த்துறைகளுக்கே உரியது. பொருளியலாளர்க்கு எட்டாத சான்றுகள் தமிழில் உள்ளன. தோட்டங்கள் மூடப்படுந்தோறும், முதிய தலைமுறை மறையுந்தோறும் அவை அழிந்துவருகின்றன. காலந்தாழ்த்தினால் அளவுகோலைத் திருத்தியபின் அளப்பதற்குச் சான்றுகளே எஞ்சாமல் போகும்.